தகவல் கிராம ஆராய்ச்சித் திட்டமும் எண்ணிமத் தொழில்நுட்ப ஆய்வு நிதியும்

தகவல் கிராம ஆராய்ச்சித் திட்டம் என்பது புதுச்சேரிக் கிராமங்களில் கணினியையும் தொலைத்தொடர்பையும் ஏழை மக்களுக்குப் பயன்படுத்த முடியுமா என்று அறிவதற்காக 1998ஆம் ஆண்டு சனவரியில் தொடங்கப்பட்ட ஒரு கள ஆய்வாகும். சென்னையிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இதை நடத்தியது. பணம் கொடுத்தது கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையம். ஊரக வளர்ச்சிக்கும் சமூகத்தில் ஒதுக்கப்பட்டோரைச் சேர்த்துக்கொள்வதற்கும் எண்ணிமத் (டிஜிட்டல்) தொழில்நுட்பம் எவ்வாறு உதவும் என்ற ஆராய்ச்சிக்கு உலகெங்கும் நிதி ஒதுக்கப்படுகிறது. அந்த நிதி எப்படி வருகிறது, எதற்குச் செலவாகிறது, முடிந்தபின் ஊரில் என்ன மிஞ்சுகிறது ஆகியவற்றைப் புரிந்துகொள்ள இத்திட்டம் நல்ல எடுத்துக்காட்டு. தமிழ் பேசும் ஊர்களிலேயே நடந்தது என்பதால் நமக்கு இது இன்னும் எளிதாக விளங்கும்.

நிதி கொடுத்த அமைப்பு

பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையம் கனடா நாடாளுமன்றம் 1970இல் இயற்றிய சட்டத்தின்படி உருவான அரசு நிறுவனம். தலைமையகம் ஒட்டாவா நகரில் உள்ளது. மற்ற நன்கொடை அமைப்புகளிலிருந்து இதை வேறுபடுத்திக் காட்டுவது ஒன்று உண்டு. இது சாலை போடுவதற்கோ பாலம் கட்டுவதற்கோ பணம் தருவதில்லை. வளரும் நாடுகளில் உள்ள ஆராய்ச்சியாளர்கள் தங்கள் நாட்டுச் சிக்கலைத் தாங்களே ஆராய்வதற்குத்தான் தருகிறது. 1990களில் ஆசியாவில் இணையம் பரவத் தொடங்கியபோது 'பான் ஆசியா' என்ற பெயரில் ஒரு வலையமைப்புத் திட்டத்தையும், 1997இல் ஆப்பிரிக்காவுக்கு 'அக்கேசியா' என்ற திட்டத்தையும் அது தொடங்கியது.

வளர்ச்சி உதவி வேறு, ஆராய்ச்சி நிதி வேறு என்பதை இங்கே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஓர் ஊருக்குப் பத்துக் கணினி வாங்கிக் கொடுத்தால் அது உதவி. 'கணினி வந்தால் கூலித் தொழிலாளிக்குக் கிடைக்கும் தகவல் மாறுமா? மாறினால் யார் வழியாக மாறும்? எவ்வளவு செலவாகும்?' என்று கேட்டு, விடை காண்பதற்காக அதே பத்துக் கணினியை வைத்தால் அது ஆராய்ச்சி. முதலாவதில் கணினி ஓடாவிட்டால் தோல்வி. இரண்டாவதில் ஏன் ஓடவில்லை என்று ஒழுங்காக எழுதி வைத்தால் அதுவும் ஒரு முடிவுதான். எனினும் கிராமத்தில் இருப்பவருக்கு இந்த வேறுபாடு தெரிய வாய்ப்பில்லை. அவருக்கு வந்தது ஒரு கணினி. அது ஒருநாள் போய்விடும் என்று அவரிடம் யாரும் அழுத்திச் சொல்வதுமில்லை. இத்துறையில் எழுந்த மனக்கசப்புகளில் பாதி இந்தக் குழப்பத்திலிருந்து வந்தவை என்று சொல்லலாம்.

பின்னணி

வேளாண் அறிவியலாளர் எம். எஸ். சுவாமிநாதன் 1987இல் முதலாவது உலக உணவுப் பரிசைப் பெற்றார். அப்பணத்தைக் கொண்டு 1988இல் தம் பெயரிலான ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். 1990களின் தொடக்கத்திலிருந்தே அந்நிறுவனம் புதுச்சேரிப் பகுதியில் 'உயிரிக் கிராமம்' என்ற பெயரில் காளான் வளர்ப்பு, கறவை மாடு, மண்புழு உரம் போன்ற சிறுதொழில்களைக் கிராமங்களில் பரப்பி வந்தது. எனவே ஊர்ப் பெரியவர்களோடும் பெண்கள் குழுக்களோடும் பழக்கம் ஏற்கெனவே இருந்தது. கணினித் திட்டம் வெறுங்கையோடு வந்து இறங்கவில்லை. பின்னாளில் இதைப் பார்த்துப் பிற இடங்களில் தொடங்கியவர்கள் பலரும் கவனிக்கத் தவறியது இதைத்தான். அவர்கள் கணினியையும் கம்பியில்லாக் கருவியையும் கண்டார்கள். அதற்கு முன் நடந்த பல ஆண்டுப் பழக்கம் கண்ணில் படவில்லை.

வில்லியனூரும் சுற்றியுள்ள ஊர்களும்

புதுச்சேரி நகருக்கு மேற்கே உள்ள வில்லியனூரில் தலைமை மையம் அமைந்தது. அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள் போல எம்பலம், வீராம்பட்டினம், திருக்காஞ்சிப்பேட்டை, பூரணாங்குப்பம், நல்லவாடு முதலிய ஊர்களுக்குத் தொடர்பு கொடுக்கப்பட்டது. எல்லாம் ஒரே நேரத்தில் வந்தவை அல்ல, ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தவை. தொடங்கியவை அனைத்தும் நிலைக்கவும் இல்லை.

அக்காலத்தில் கிராமங்களில் தொலைபேசி இணைப்புக் கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் இரைச்சல் மிகுதி. ஆகவே வில்லியனூரில் மட்டும் தொலைபேசி வழி இணையம் வைத்துக்கொண்டு, அங்கிருந்து ஊர்களுக்கு இருவழிக் கம்பியில்லா வானொலிக் கருவிகள் மூலம் குரலும் கணினித் தரவும் அனுப்பப்பட்டன. காவல் துறையினர் கையில் வைத்திருக்கும் கருவியின் உறவினர் என்று சொல்லலாம். மின்வெட்டைச் சமாளிக்கச் சூரிய மின்தகடுகள் பொருத்தப்பட்டன. இணையம் என்றால் ஒவ்வொரு வீட்டுக்கும் கம்பி போக வேண்டும் என்று நினைத்திருந்த காலத்தில், ஓர் இணைப்பைப் பத்து ஊர் பகிர்ந்துகொள்ளும் இந்த ஏற்பாடு புதுமையானது.

ஆயினும் இத்திட்டத்தின் முதல் வேலை கருவி பொருத்துவது அன்று. ஊர் மக்களுக்கு இப்போது தகவல் எங்கிருந்து கிடைக்கிறது என்று கேட்டறிவதே முதல் வேலை. உரக்கடைக்காரர், மளிகைக் கடை, சந்தை, பக்கத்து வீடு ஆகியவையே விடையாக வந்தன. அரசு அலுவலரும் விரிவாக்கப் பணியாளரும் பட்டியலில் பின்னால்தான் இருந்தனர். உரம் விற்பவரே எந்த உரம் போடலாம் என்று ஆலோசனையும் சொன்னால் அந்த ஆலோசனை எந்தப் பக்கம் சாயும் என்பதை விளக்கத் தேவையில்லை. ஆகவே மையங்கள் தர வேண்டியவை இவை என்று பட்டியல் தயாரானது: நெல், காய்கறி விலை, விதை உர இருப்பு, அரசுத் திட்டங்களும் அவற்றுக்கான தகுதியும், மருத்துவமனைகளில் எந்த மருத்துவர் எந்த நாளில் இருப்பார், பேருந்து நேரம், கால்நடை நோய்கள்.

இவற்றில் பெரும்பாலானவை இணையத்தில் இல்லை. இருந்தவையும் ஆங்கிலத்தில் இருந்தன. எனவே மையப் பணியாளர்கள் தாங்களே திரட்டித் தமிழில் தட்டச்சுச் செய்தார்கள். கணினித் தமிழுக்கு அப்போது ஒரே சீரான குறியீடு கிடையாது. ஒரு கணினியில் எழுதியதை வேறொன்றில் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரியும். சென்னையில் தமிழ் இணைய மாநாடு கூடித் 'தமிழ்99' விசைப்பலகை முறை முடிவானதே 1999 பிப்ரவரியில்தான். அந்த நிலையில் பள்ளிப் படிப்போடு நின்ற கிராமத்துப் பெண்கள் சில மாதங்களில் தட்டச்சும் கோப்பு அனுப்புவதும் கற்றுக்கொண்டு நாள்தோறும் தகவல் ஏற்றினார்கள். தன்னார்வலர்களில் பெண்களே மிகுதி. ஓர் ஆசிரியன் என்ற முறையில் இத்திட்டத்தின் மிகச் சிறந்த கண்டுபிடிப்பாக நான் கருதுவது இதைத்தான். படிப்பு குறைவு என்பது ஒரு தடையே அல்ல, கற்றதை அன்றன்றே பயன்படுத்தும் தேவை இருந்தால் போதும்.

பிற்காலத்தில் 'நம்ம ஊர் செய்தி' என்ற இதழையும் இம்மையங்கள் மாதம் இருமுறை வெளியிட்டன. கணினியிடம் வராதவர்களுக்குக் காகிதமாகவே போய்ச் சேரட்டும் என்பது அதன் நோக்கம்.

கடலோர ஊரான வீராம்பட்டினத்தில் தேவை வேறாக இருந்தது. ஆடி மாதத்துச் செங்கழுநீர் அம்மன் தேரோட்டத்தால் பலரும் அறிந்த ஊர் இது. மீனவர்கள் கேட்டது நாளை அலை எவ்வளவு உயரம் எழும் என்பது. அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்தில் வங்கக் கடலுக்கான அலை உயர முன்கணிப்புப் பொதுமக்கள் பார்வைக்கு இருந்தது. வில்லியனூரில் அதை எடுத்து, தமிழில் சொல்லி, ஊருக்கு அனுப்பி, ஒலிபெருக்கியில் ஒலிபரப்பினார்கள். வேறொரு நாட்டுப் போர்க்கப்பல்களுக்காகத் தயாரான கணக்கு, கட்டுமரத்தில் போகிறவருக்குப் பயன்பட்டது. ஒலிபெருக்கி என்பதால் எழுத்தறிவு தேவையில்லை, கணினி முன்னால் வரிசையில் நிற்கவும் தேவையில்லை. பின்னர் ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தின் முன்கணிப்புகள் பயன்பாட்டுக்கு வந்தன.

யார் உள்ளே வரலாம்

மையம் அமைக்க இடத்தை ஊரே இலவசமாகத் தரவேண்டும், எல்லாச் சாதியினரும் தடையின்றி வந்துபோக வேண்டும் என்பவை நிறுவனம் விதித்த நிபந்தனைகள். எழுதுவதற்கு எளிய இந்த இரண்டாவது நிபந்தனைதான் நடைமுறையில் மிகக் கடினமானது. ஒரு கிராமத்தில் 'பொது இடம்' என்று சொல்லப்படுவது உண்மையில் யாருக்குப் பொது என்பது ஊரில் பிறந்தவர்க்குத் தெரியும்.

எம்பலத்தில் ஊர்ப் பெரியவர்கள் கோயிலின் ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். 2000ஆம் ஆண்டு மே மாதம் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இந்த மையத்தைப் பற்றி ஒரு நீண்ட செய்திக் கட்டுரை வெளியிட்டது. அந்தக் கோயிலுக்கு இரண்டு வாசல்கள் இருந்ததை அது எடுத்துக்காட்டியது. சன்னிதிக்குப் போகும் வாசல் வழியே ஒடுக்கப்பட்ட சாதியினரும் மாதவிலக்கான பெண்களும் நுழைய முடியாது. கணினி இருந்த பக்கத்து வாசலில் யாரும் நுழையலாம். ஒரே கட்டடம், ஒரே சுவர்.

இதை முன்னேற்றம் என்று பார்ப்பவர் உண்டு. ஒரு வாசல் திறந்ததற்காக மறு வாசல் மூடியிருப்பதை ஏற்றுக்கொண்ட சமரசம் என்று பார்ப்பவரும் உண்டு. இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த இரண்டாம் வாசலைத் திறந்தது கணினி அல்ல. பணம் தருவதற்கு முன் போட்ட நிபந்தனை. நிதி ஒப்பந்தத்தில் இந்த வரி இல்லாமல் இருந்திருந்தால், அதே கணினி ஒரு பெரிய வீட்டின் கூடத்தில் போய் உட்கார்ந்திருக்கும். வேறொரு மையம் தலித் மக்கள் வாழும் திருக்காஞ்சிப்பேட்டையிலேயே அமைக்கப்பட்டது. நிபந்தனையை நம்பியிருப்பதைவிட இது நேர் வழி.

இத்திட்டத்துக்கு 2001இல் ஸ்டாக்ஹோம் சவால் விருது கிடைத்தது.

2004 திசம்பர் 26

ஆழிப்பேரலை வந்த அன்று நல்லவாடு கிராமத்தில் நடந்தது பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. அவ்வூரைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். நிலநடுக்கத்தையும் அலைகளையும் பற்றிய செய்தியை அங்கே தெரிந்துகொண்டதும் ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். செய்தி கிடைத்தவர்கள் பூட்டியிருந்த தகவல் மையத்தின் கதவை உடைத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 3,500க்கும் மேற்பட்ட மக்கள் விலகி ஓடித் தப்பினர். வீடுகளும் படகுகளும் போயின, உயிர்கள் பிழைத்தன.

இந்த நிகழ்ச்சியைச் சொல்லித் தொழில்நுட்பத்தைப் புகழ்வது வழக்கம். காத்தது எது என்று பிரித்துப் பார்த்தால் கணினியும் இணையமும் அதில் இல்லை. ஒரு தொலைபேசி, ஓர் ஒலிபெருக்கி, அந்த ஒலிபெருக்கியில் வரும் குரலை நாள்தோறும் கேட்டு நம்பிப் பழகிய காதுகள் ஆகிய மூன்றுதான் இருந்தன. மூன்றாவதைக் கடையில் வாங்க முடியாது. நாள்தோறும் நடந்த ஒலிபரப்பு அதை உண்டாக்கியிருந்தது. ஆய்வு நிதியின் கணக்கில் இப்படி ஒரு பயன் எந்தத் தலைப்பிலும் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்காது.

இதையொட்டி எழுந்த கேள்வியை இலங்கையில் முறையாகச் சோதித்தார்கள். கொழும்பிலுள்ள லர்ன்ஏசியா ஆய்வு நிறுவனமும் சர்வோதய இயக்கமும் சேர்ந்து, ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்ட 32 கிராமங்களில் எந்தக் கருவி எச்சரிக்கையைக் கடைசி வீடு வரை கொண்டுபோகும் என்று ஒப்பிட்டுப் பார்த்தன. அதற்கும் அதே கனடா மையமே நிதி தந்தது.

மேலூர் கற்றுத்தந்தது

மதுரை மாவட்டம் மேலூர் பகுதியில் 2001 இறுதியில் இன்னொரு முயற்சி தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி., அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு பல்கலைக்கழகம், என்-லாக் என்ற நிறுவனம் ஆகியவை இதில் பங்கேற்றன. 'சாரி' என்பது திட்டத்தின் சுருக்கப் பெயர். பேராசிரியர் அசோக் சுன்சுன்வாலா தலைமையிலான ஐ.ஐ.டி. குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பம் ஊர்களுக்கு இணையம் தந்தது.

இதன் அடிப்படை எண்ணம் புதுச்சேரிக்கு நேர் எதிரானது. இலவசம் நீடிக்காது, தொழிலாக நடந்தால்தான் நிலைக்கும் என்று இவர்கள் கருதினார்கள். ஊர் இளைஞர் ஒருவர் ஏறத்தாழ 50,000 ரூபாய் கடன் வாங்கிக் கடை போடுவார். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை போன்றவற்றுக்கான விண்ணப்பங்களை வட்டாட்சியர் அலுவலகத்துக்கு இணையம் வழியே அனுப்பிக் கட்டணம் வாங்குவார். தாலுகா அலுவலகத்துக்கு ஒரு நாள் கூலியை விட்டுப் பேருந்தில் போய்வருவதைவிட இது மலிவு. கண்ணைப் படம் பிடித்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை பெறும் வசதியும் இருந்தது.

தொடக்கத்தில் நன்றாகவே நடந்தது. பிறகு ஒவ்வொன்றாக மூடத் தொடங்கின. இத்திட்டத்தை ஆராய்ந்த ராசேந்திர குமாரும் மைக்கேல் பெசுட்டும் வெளியிட்ட கட்டுரைகள் இன்றும் படிக்கத் தக்கவை, ஏனென்றால் தோல்வியை அவை மறைக்கவில்லை. அவற்றின்படி, தனியாட்கள் சொந்தமாக நடத்திய கடைகளே அதிகம் மூடப்பட்டன. தொண்டு நிறுவனத்தின் துணையோடு நடந்தவை ஓரளவு தாக்குப்பிடித்தன. சான்றிதழ் சேவை நின்றதற்குக் கருவிக் கோளாறு முதன்மைக் காரணம் அல்ல. ஆர்வம் காட்டிய அதிகாரிகள் மாற்றலாகிப் போனார்கள், அடுத்து வந்தவர்களுக்கு அதில் ஈடுபாடு இல்லை, அலுவலகத்தில் விண்ணப்பங்கள் தேங்கின. கடையில் கூட்டம் குறைந்தது.

யார் பயன்படுத்தினார்கள் என்பதையும் அவர்கள் கணக்கெடுத்தார்கள். ஊர் மக்கள்தொகையில் சிறு பகுதியினரே வந்தனர். அவர்களிலும் 30 வயதுக்குட்பட்ட, படித்த, சற்று வசதியான ஆண்களே மிகுதி. ஒதுக்கப்பட்டோருக்கு என்று தொடங்கிய வசதி ஏற்கெனவே ஓரளவு முன்னேறியவர்களிடம் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதே ஆய்வு ஒரு விதிவிலக்கையும் கண்டது. பின்தங்கிய மக்களின் குடியிருப்புக்கு அருகில் மையம் அமைந்த இடங்களிலும், உள்ளூருக்கு ஏற்ற தமிழ்ச் சேவைகள் இருந்த இடங்களிலும் அவர்கள் வரத்து கூடியது. எந்தத் தெருவில் அறை எடுக்கிறோம் என்ற எளிய முடிவு, எந்த மென்பொருள் என்பதைவிடப் பெரிய வேறுபாட்டை ஏற்படுத்துகிறது.

பள்ளிகளில் வேலை பார்த்தவர்களுக்கு இதெல்லாம் தெரிந்த கதை. திட்டம் ஒன்றின்கீழ் கணினிகள் வந்து இறங்கும். திறப்பு விழா நடக்கும். பாழாகிவிட்டால் யார் பொறுப்பு என்ற அச்சத்தில் அறை பூட்டப்படும், சாவி தலைமையாசிரியர் மேசையில் இருக்கும். பழுது பார்க்கத் தொகை கேட்டால் 'திட்டத்தில் அதற்குத் தலைப்பு இல்லை' என்று பதில் வரும். வாங்குவதற்குத் தலைப்பு உண்டு, வைத்திருப்பதற்கு இல்லை. நான் பார்த்த ஒரு பள்ளியில் மூன்றாம் ஆண்டு முடிவில் ஓடிக்கொண்டிருந்தது அந்த அறையின் மின்விசிறி மட்டுமே.

சிறிய ஆய்வு, பெரிய சேமிப்பு

மகாராட்டிரத்தின் வாரணா கரும்புக் கூட்டுறவுப் பகுதியில் 1998இல் 'கம்பியிணைந்த கிராமங்கள்' திட்டம் வந்தது. செலவில் நடுவண் அரசு 50 விழுக்காடும் மாநில அரசு 40 விழுக்காடும் கூட்டுறவு 10 விழுக்காடும் ஏற்றன. ஊர்தோறும் கணினி மையம் வைத்து, உலக வேளாண்மைச் செய்தி முழுவதையும் உழவருக்குத் தருவது கனவு. சில ஆண்டுகள் கழித்து பெங்களூருவிலுள்ள மைக்ரோசாப்ட் ஆய்வகத்தினர் போய்ப் பார்த்தபோது, உழவர்கள் கேட்பது சில எண்களை மட்டுமே என்று தெரிந்தது: எவ்வளவு கரும்பு எடை போட்டாயிற்று, எவ்வளவு பணம் வரவேண்டும், உரக் கணக்கு என்ன. அதற்குக் கணினி எதற்கு? ஏழு கிராமங்களில் கணினியை எடுத்துவிட்டு, கைப்பேசிக் குறுஞ்செய்தி மூலம் அதே விவரத்தைத் தரும் முறையைச் சோதித்தார்கள். அது மலிவாகவும் விரைவாகவும் இருந்தது. இந்தச் சிறு ஆய்வை முதலிலேயே செய்திருந்தால் என்ன மிச்சமாகியிருக்கும் என்பதை வாசகர் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அந்த ஆய்வகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான கென்டாரோ தொயாமா பின்னர் 2015இல் ஒரு நூல் எழுதினார். தொழில்நுட்பம் ஏற்கெனவே இருக்கும் மனித ஆற்றலையும் விருப்பத்தையும் பெருக்கிக் காட்டும், இல்லாததை உண்டாக்காது என்பது அதன் சாரம். பெருக்கல் வாய்ப்பாடு படித்த பிள்ளைக்கு இது புரியும். சுழியை எதனால் பெருக்கினாலும் சுழி.

நன்றாக முடிந்த எடுத்துக்காட்டும் உண்டு. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியுதவி பெற்ற கலிபோர்னியா பல்கலைக்கழக பெர்க்கிலி வளாகக் குழுவினர், சாதாரண வைஃபை கருவியைப் பல கிலோமீட்டர் தொலைவுக்கு வேலை செய்யுமாறு மாற்றி, தேனியிலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை மையங்களோடு இணைத்தார்கள். ஊரிலிருந்தபடியே நோயாளி மருத்துவரிடம் காணொளியில் பேசுவார், தேவையென்றால் மட்டும் மருத்துவமனைக்கு வருவார். ஆராய்ச்சியாளர்கள் ஊர் திரும்பியபிறகும் கண் மையங்கள் தொடர்ந்தன, பெருகின. காரணம் எளிது. அரவிந்த் மருத்துவமனைக்கு அது ஒரு திட்டம் அல்ல, அன்றாட வேலை. பராமரிக்க ஆளும் செலவழிக்கப் பணமும் அதனிடம் ஏற்கெனவே இருந்தன.

சோதனையிலிருந்து அரசுத் திட்டத்துக்கு

புதுச்சேரி அனுபவத்தைக் காட்டி, சுவாமிநாதன் 'ஒவ்வொரு கிராமமும் ஓர் அறிவு மையம்' என்ற முழக்கத்தோடு 2004இல் ஒரு கூட்டமைப்பை உருவாக்கினார். 2007க்குள் நாட்டின் எல்லாக் கிராமங்களையும் எட்டுவது இலக்கு. அந்த ஆண்டுக்குள் அது நிறைவேறவில்லை. ஆனால் நடுவண் அரசு 2006 செப்டம்பரில் பொதுச் சேவை மையத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஆறு இலட்சம் கிராமங்களுக்கு ஓர் இலட்சம் மையங்கள், மதிப்பீடு 5,742 கோடி ரூபாய். அதில் நடுவண் அரசின் பங்கு 856 கோடி, மாநிலங்களின் பங்கு 793 கோடி. மீதி முழுவதும் தனியாரிடமிருந்து வரவேண்டும் என்பது ஏற்பாடு. அதாவது நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல், மேலூரில் கடன் வாங்கிக் கடை போட்ட இளைஞரைப் போன்றவர்களும் நிறுவனங்களும் போடும் முதல். மேலூர் ஆய்வின் முடிவுகள் அந்நேரம் அச்சில் வந்துகொண்டிருந்தன.

இன்று தமிழ்நாட்டு வாசகர்கள் அறிந்த இ-சேவை மையங்கள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றில் பல கூட்டுறவுச் சங்கங்களிலும் அரசு அலுவலக வளாகங்களிலும் நடப்பது குறிப்பிடத்தக்கது. சம்பளமும் கட்டடமும் வேறொரு வழியில் வந்துவிடுவதால் அவை மூடாமல் இருக்கின்றன.

உள்நாட்டு நிதி

வெளிநாட்டு அமைப்புகளின் நிதிக்கு ஒரு வரம்பு உண்டு. அவற்றின் அக்கறை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும். ஒரு காலத்தில் கிராமக் கணினி மையம், பிறகு கைப்பேசி, பிறகு திறந்த தரவு, இப்போது செயற்கை நுண்ணறிவு. ஊரின் சிக்கல் அதே இடத்தில் இருக்க, விண்ணப்பத்தின் தலைப்பு மட்டும் மாறும்.

இந்தியாவில் இதற்கென்று சொந்தப் பணம் உண்டு. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தம் சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயில் 5 விழுக்காட்டை அனைவருக்குமான சேவைக் கடப்பாட்டு நிதிக்குச் செலுத்துகின்றன. 2002 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள இந்நிதிக்கு 2003இல் சட்டத் தகுதி கிடைத்தது. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்கீழ் 'டிஜிட்டல் பாரத் நிதி' என்று பெயர் மாறியது. நாம் கட்டும் கைப்பேசிக் கட்டணத்திலிருந்துதான் இது போகிறது என்பதை நினைவில் கொள்ளலாம். நீண்ட காலம் இதில் கணிசமான பகுதி செலவாகாமலே கிடந்தது. ஊராட்சிகளுக்கு ஒளியிழை இழுக்கும் பாரத்நெட் திட்டத்துக்கு இப்பணமே பயன்படுகிறது.

2022 அக்டோபர் 1 அன்று இந்நிதியின் ஆண்டு வரவில் 5 விழுக்காட்டை ஊரகத்துக்கு ஏற்ற தொலைத்தொடர்பு ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் தொலைத்தொடர்புத் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டம் தொடங்கியது. கல்வி நிறுவனங்களும் இளம் நிறுவனங்களும் ஆய்வு நிறுவனங்களும் விண்ணப்பிக்கலாம். வருவாயில் 5 விழுக்காடு, அதில் 5 விழுக்காடு: நிறுவனங்களின் வருவாயில் 400 ரூபாய்க்கு 1 ரூபாய். சிறிய பங்குதான், ஆனால் ஆண்டுதோறும் வரக்கூடியது. தனியார் கொடையும் சேர்ந்து வருகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்கான கணினி மொழிக் கருவிகளை உருவாக்கும் ஏஐ4பாரத் மையத்துக்கு 2022இல் நிலேகனி குடும்பத்தினர் 36 கோடி ரூபாய் வழங்கினர்.

மொழி என்பது இதில் அழகுக்கான சேர்க்கை அல்ல. 2021இல் கொரோனா தடுப்பூசிக்குக் கோவின் தளத்தில் பதிவு செய்ய வேண்டியிருந்தபோது, அது தொடக்கத்தில் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. கைப்பேசியும் ஆங்கிலமும் தெரிந்தவர்கள் நகரத்திலிருந்து கிராமத்து ஊசியை முன்பதிவு செய்துகொண்டு போனார்கள். எண்ணிம இடைவெளியைக் கணக்கில் எடுத்தீர்களா என்று 2021 மே 31ஆம் நாள் ஆணையில் உச்ச நீதிமன்றம் நடுவண் அரசைக் கேட்டது. அதன்பிறகு சூன் மாதத்தில்தான் இந்திய மொழிகள் அத்தளத்தில் சேர்ந்தன.

வீராம்பட்டினத்தின் அலை அறிவிப்பு இன்று வேறு உருவில் தொடர்கிறது. அதே ஆராய்ச்சி நிறுவனம் குவால்காம் நிறுவனத்தின் உதவியோடு உருவாக்கிய 'மீனவ நண்பன்' கைப்பேசிச் செயலி, அலை உயரம், காற்றின் வேகம், மீன் திரளும் இடம், பன்னாட்டுக் கடல் எல்லை நெருங்குகிறது என்ற எச்சரிக்கை ஆகியவற்றைத் தமிழிலும் பிற கடலோர மொழிகளிலும் தருகிறது. முன்கணிப்பை ஐதராபாத் மையம் அனுப்புகிறது.